குட்டி கோர்ன் ஸ்னேக்குக்கு எவ்வளவு சாப்பாடு குடுக்கிறது? ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம்

கவின்அம்மா_ஸ்காபரோ:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் டொரோண்டோவில, ஸ்காபரோப் பக்கம். மூத்தவனுக்கு 14 வயசு, சின்னனிலயிருந்தே பாம்பு பல்லி எண்டா உயிர், கனகாலம் கெஞ்சி பெப்ரவரியில ஒரு கோர்ன் ஸ்னேக் (வீட்டில வளர்க்கிற, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) குட்டி வாங்கினவன். போன வருஷம் ஜூலையில பொரிச்ச குட்டியாம். வாங்கேக்க 41 கிராம். எனக்கு முதல்ல கிட்டப் போகவே பயம், இப்ப அவன் பள்ளிக்கூடம் போனா தண்ணி மாத்துறது, ஹீட் பாக்கிறது எல்லாம் நான்தான், அதால எனக்கும் அதில ஒரு பற்று வந்திட்டுது.

பிரச்சினை சாப்பாடு. வித்தவர் சொன்னவர் 5 நாளுக்கு ஒருக்கா ரெண்டு ஹொப்பர் குடுங்கோ, கெதியா வளரும் எண்டு. ஃப்ரோசன் எலி வாங்கிற பெட் ஷொப்பில நிக்கிற பிள்ளை சொல்லுது கிழமைக்கு ஒரு பிங்கி காணும், பாம்புக்கு அதுக்கு மேல தேவையில்லை எண்டு. (தெரியாதவைக்கு: பிங்கி எண்டா புதுசாப் பிறந்த மயிரில்லாத சுண்டெலிக் குட்டி, ஹொப்பர் எண்டா மயிர் முளைச்சு கண் முழிச்சு துள்ளுற பருவத்துக் குட்டி.) ஏப்ரல் வரைக்கும் இடைப்பட்ட சைஸ் ஃபஸ்ஸி ஒண்டொண்டாக் குடுத்தவன், மே தொடக்கத்தில 54 கிராம் இருந்தது. பிறகு வித்தவர் சொன்னபடி ரெண்டு ஹொப்பர், ஒண்டு எட்டு ஒம்பது கிராம் வரும், இப்ப ஜூன் நடுவில நிறுத்தா 78 கிராம். ஒரு மாசம் கொஞ்சத்துக்குள்ள இவ்வளவு ஏறினது நல்லதோ கூடாதோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

மகன் சொல்லுறான் அதுக்கு இன்னும் பசியாம், ஏனெண்டா திண்டு ரெண்டாம் நாளே கண்ணாடிக்குக் கிட்ட வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நிக்குது, கையை அசைச்சா பின்னால வருது. ஆனா எனக்கு பாக்க வாலுக்கு முன்பக்கம் வழமையை விட உருண்டு போன மாதிரிக் கிடக்கு, வளையேக்க செதிலுக்கு இடையில வெள்ளையாத் தோல் தெரியுது. மாமி வேற, ஏன் பிள்ளை எலியைக் குடுக்கிறியள், பால் வைச்சா குடிக்குமே, முட்டை உடைச்சு வையுங்கோவன் எண்டுறா. சூடான பக்கம் 30 டிகிரி, மற்றப் பக்கம் 24, தெர்மோஸ்டாட் போட்டிருக்கு.

இது மொத்தமோ, அளவோ? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பிள்ளை ஆசையா வளர்க்கிறான், சாப்பாட்டாலயே அதுக்கு வருத்தம் வந்திடக் கூடாது, அதுதான் கேக்கிறன்.

செதில்_லண்டன்:

அக்கா, உங்கட கணக்கையே முதல்ல எடுப்பம். 78 கிராம் குட்டிக்கு 5 நாளுக்கு ஒருக்கா 17 கிராம் போகுது, அது தன்ர நிறையில 20 வீதத்துக்கும் மேல. கனக்க. பிங்கி ஒண்டு 2, 3 கிராம்தான், அது இந்தச் சைஸுக்கு காணவே காணாது. ரெண்டு பேர் சொன்னதும் சரியில்லை. குட்டிப் பருவத்தில ஒரு சாப்பாடு உடம்பு நிறையில 10 வீதம், மிஞ்சிப் போனா 15. அப்பிடிப் பாத்தா உங்களுக்கு 8 தொடக்கம் 10 கிராம் வாற ஒரே ஒரு ஹொப்பர், 7 நாளுக்கு ஒருக்கா. நிறுக்க வசதியில்லாத நேரம் பாம்பின்ர ஆக மொத்தமான இடத்தைப் பாருங்கோ, எலி அந்த அகலம் அல்லது அதை விட ஒரு சொட்டு கூட. திண்ட பிறகு வயித்தில சின்ன வீக்கம் தெரியவேணும், ரெண்டு நாளில அது மறையவேணும்.

கண்ணாடிக்குக் கிட்ட வாறதைப் பசி எண்டு எடுக்காதேங்கோ, கோர்ன் ஸ்னேக் வளர்க்கிற அநேகம் பேர் தடுமாறுறது இதிலதான். இது ஒரு இடத்தில சுருண்டு கிடந்து வாறதைப் பிடிக்கிற பாம்பில்லை, சுத்தித் திரிஞ்சு பொந்து பொந்தாத் தேடுற பாம்பு. அடுத்த எலி எப்ப கிடைக்குமெண்டு தெரியாத சீவன், கிடைக்கேக்க எல்லாம் திண்டு வைக்கிறதுதான் அதின்ர இயல்பு, போதும் எண்டு அது சொல்லாது. குடுத்தா நாளைக்கும் திண்ணும், நாளையிண்டைக்கும் திண்ணும். போதாததுக்கு கை வந்தா சாப்பாடு வரும் எண்டும் பழகியிருக்கும். அதால அது கேக்குது எண்டு குடுக்கிற பழக்கத்தை மகன் விடவேணும். எவ்வளவு எண்டு முடிவெடுக்கிறது தராசும் உடம்பின்ர வடிவமும்தான்.

வடிவம் எப்பிடிப் பாக்கிறது எண்டா, நல்ல நிலையில இருக்கிற கோர்ன் ஸ்னேக்கை குறுக்கா நினைச்சுப் பாருங்கோ, ஒரு றாத்தல் பாணை வெட்டின மாதிரி, அடி தட்டை, ரெண்டு பக்கமும் நேரா ஏறி மேல வளைஞ்சிருக்கும். தடவேக்க முதுகெலும்பு மெல்லிசாத் தெரியும், ஆனா கத்தி மாதிரிக் கூரா நிக்காது. கூரா நிண்டு ரெண்டு பக்கமும் உள்ளுக்கு விழுந்திருந்தா மெலிவு. முழு உருளையா இருந்து, சும்மா கிடக்கேக்கயே செதிலுக்கு இடையில தோல் தெரிஞ்சா, வளையேக்க மடிப்பு விழுந்தா, வால் தொடங்கிற இடத்தில உடம்பு படக்கெண்டு ஒடுங்கினா அது கொழுப்பு. சாப்பிட்ட அண்டைக்கு வயித்துப் பக்கம் செதில் விரியிறது சாதாரணம், அதைக் கணக்கில எடுக்காதேங்கோ. நீங்கள் சொன்ன ரெண்டு அடையாளமும், வாலுக்கு முன்னால உருண்டதும் வெள்ளைத் தோலும், சாப்பாடு கூடிப்போச்சு எண்டுதான் சொல்லுது. பயப்பிட ஒண்டுமில்லை, வளர்ற வயசு, அளவைக் குறைச்சா நீளத்தோட சேந்து சரிவரும்.

நிறுக்கிறதுக்கு சமையலுக்குப் பாவிக்கிற டிஜிட்டல் தராசு போல ஒண்டு தனியா வாங்குங்கோ, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியை வைச்சு பூச்சியமாக்கிப் போட்டு பாம்பை விடுங்கோ. சாப்பாடு குடுக்க முதல், கழிச்ச பிறகு நிறுக்கவேணும், இல்லாட்டி எலியையும் சேத்துத்தான் நிறுக்கிறியள். திகதி, நிறை, என்ன குடுத்தது, தோல் கழட்டினது எல்லாத்தையும் மகனை ஒரு கொப்பியில எழுதச் சொல்லுங்கோ. ஒரு கிழமை ரெண்டு கிராம் இறங்கினா ஒண்டுமில்லை, மாசக்கணக்கில எந்தப் பக்கம் போகுதெண்டு பாருங்கோ.

100 கிராம் தாண்ட 12, 15 கிராம் வாற, பால் மறந்த சுண்டெலிக்கு மாறலாம், 7, 8 நாளுக்கு ஒண்டு. 200 கிராம் கிட்ட வர 20 கிராம் எலி, பத்து நாளுக்கு ஒருக்கா. மூண்டு வயசுக்கு மேல முழுசா வளர்ந்தாப் பிறகு பெரிய சுண்டெலி ஒண்டு, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, காணும். நல்லாப் பாத்தா 15, 20 வருஷம் இருக்கிற சீவன், முதல் வருஷமே பெருப்பிச்சு என்ன காணப்போறம்? கெதியா வளரவேணும் எண்டு அவசரப்படுறது விக்கிற ஆக்களும் இனப்பெருக்கம் செய்யிற ஆக்களும்.

குமரன்_அட்லாண்டா:

செதில் அண்ணா சொன்னதுக்கு மேல பெருசா சேக்க ஒண்ணுமில்ல, ஆனா இந்தப் பாம்போட சொந்த ஊர்ல இருக்கேன்றதால கொஞ்சம் எழுதறேன். அமெரிக்காவோட தென்கிழக்கு முழுக்க, நியூ ஜெர்சியில ஆரம்பிச்சு ஃப்ளோரிடா கடைசித் தீவு வரைக்கும் இது இருக்கு. பழைய மரக் கொட்டகை, தானியம் கொட்டி வைக்கிற எடம், எலி எங்க உண்டோ அங்க இதுவும் உண்டு. குட்டியா இருக்கறப்ப எலியெல்லாம் அதுக்கு பெருசு, மரத்தவளையும் சின்ன பல்லி வகைகளும்தான் புடிச்சு தின்னும், கொஞ்சம் பெருசானப்புறம்தான் எலி, பறவைக் குஞ்சு. குளிர்காலம் வந்தா மாசக்கணக்குல ஒண்ணுமே சாப்பிடாம மண்ணுக்குள்ள மரப்பொந்துல கெடக்கும். அந்த வாழ்க்கைக்காக அமைஞ்ச உடம்பை கொண்டுவந்து 30 டிகிரி சூட்டுல வச்சு அஞ்சு நாளைக்கு ஒருதடவை ரெண்டு எலி குடுத்தா மிச்சம் எங்க போகும், உள்ள கொழுப்பாதான் போகும்.

பாம்புக்கு இவ்ளோ கம்மியா குடுத்தா பாவம்னு நெனைக்கறவங்க ஒண்ணு யோசிக்கணும். நாம சாப்பிடறதுல பெரும்பங்கு உடம்பை 37 டிகிரியில வச்சுக்கவே செலவாகுது. பாம்பு அந்த சூட்டை வெளியில இருந்து வாங்கிக்குது, அதுக்கு அந்த செலவே கெடையாது. அதனாலதான் ஒரு வாரத்துக்கு பத்துல ஒரு பங்கு எடை போதுமானதா இருக்கு. ஆனா அதே காரணத்தால சூடு இல்லன்னா செரிக்கவும் செய்யாது. சூடான பக்கம் 29லேர்ந்து 32க்குள்ள இருக்கணும், உங்களோடது சரியா இருக்கு. கரண்ட் போய் கூண்டு குளுந்து கெடக்குற அன்னிக்கு மட்டும் எலி குடுக்காதீங்க, சூடு ஏறினப்புறம் குடுங்க.

இன்னொண்ணு, ஃப்ரோசன் எலிய எடுத்து மைக்ரோவேவ்ல வைக்கவே கூடாது, உள்ள பாதி வெந்துடும், வெடிச்சும் போகும். முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல ஒரு மூடின டப்பாவுல வச்சு உருக விட்டுட்டு, குடுக்கறதுக்கு முன்னாடி ஜிப் பையோட கை பொறுக்கற வெந்நீர்ல போட்டா போதும். நடுவுல ஐஸ் இருக்கான்னு அமுக்கிப் பாருங்க. 2010ல இங்க ஃப்ரோசன் எலி வழியா சால்மொனெல்லாங்கற கிருமி பரவி பசங்களுக்கெல்லாம் காய்ச்சல், வயித்துப்போக்குன்னு ஆச்சு, அதனால சமையல் பாத்திரம், சிங்க் எதுலயும் இதை வச்சு வேலை பண்ணாதீங்க, கைய சோப்பு போட்டு கழுவணும். வீட்ல அஞ்சு வயசுக்குள்ள கொழந்தையோ வயசானவங்களோ இருந்தா ரொம்ப கவனம். உங்க மாமியார் இருக்காங்கன்னு சொன்னதால சொல்றேன்.

கவின்அம்மா_ஸ்காபரோ:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. மகனை இருத்தி வாசிச்சுக் காட்டினன், அது கேக்குது எண்டு குடுக்கிற கதையில அவனுக்கு முகம் கொஞ்சம் வாடிப்போச்சு, ஆனா விளங்கினது. கொப்பி இண்டைக்கே தொடங்கிட்டான்.

இன்னும் கொஞ்சம் கேக்கவேணும், குறை நினைக்காதேங்கோ. இப்ப மொத்தமா இருக்கெண்டா மெலியிறதுக்கு ரெண்டு மூண்டு கிழமை ஒண்டும் குடுக்காம விடுறதோ? ஒரு ஹொப்பருக்குப் பதிலா மூண்டு பிங்கி குடுத்தா சமன்தானே, அது சின்னன் எண்டபடியா லேசாச் சமிக்கும் எண்டு பெட் ஷொப்பில சொல்லினம். மகன்ர சிநேகிதன்ர பாம்பு திண்டதைத் திருப்பிக் கக்கினதாம், அடுத்த நாளே அவை வேற எலி குடுத்தவையாம், அது சரியோ?

நிலா_சூரிச்:

அக்கா, நான் ஊர்வன பாக்கிற ஒரு கால்நடை கிளினிக்கில வேலை செய்யிறன். மூண்டாவது கேள்விதான் ஆக முக்கியம், அதால அதுக்கு முதல்.

கக்கின பாம்புக்கு அடுத்த நாள் குடுக்கவே கூடாது. அந்தச் சிநேகிதனுக்கு உடன சொல்லுங்கோ. கக்கேக்க எலி மட்டும் வெளியில வாறேல்லை, வயித்தில சுரந்த அமிலம், தண்ணி, குடலில இருக்கிற நல்ல கிருமி எல்லாம் சேந்துதான் போகுது, தொண்டையும் புண்ணாயிருக்கும். அந்த நிலையில இன்னொரு எலி குடுத்தா அதையும் கக்கும், பிறகு அடுத்தது, சின்னக் குட்டியள் இப்பிடியே ஓய்ஞ்சு செத்துப் போறதை கிளினிக்கில பாக்கிறம், மனசு கேக்காது. ஆகக் குறைஞ்சது 10 நாள், ஏலுமெண்டா 14 நாள் தண்ணி மட்டும் வைச்சு தொடாம விடவேணும். பிறகு வழமையில பாதிச் சைஸ் எலி. அது நிண்டா திரும்ப ஒரு கிழமை கழிச்சு அதே சைஸ், மெல்ல மெல்லத்தான் பழைய அளவுக்கு. காரணம் அநேகமா எலி பெரிசு, சூடு காணாது, இல்லாட்டி திண்ட கையோட தூக்கி விளையாடினது. சாப்பிட்டு 48 மணித்தியாலம் ஒருத்தரும் தூக்கக் கூடாது, பெடியன்களுக்கு இதை நல்லாச் சொல்லி வையுங்கோ. எல்லாம் சரியா இருந்தும் ரெண்டாந்தரமும் கக்கினா டொக்டரிட்டப் போகவேணும். கக்கிறதோட உடம்பின்ர நடுப்பகுதியில வீக்கமும் இருந்தா பொறுக்கவே வேண்டாம், பாம்பின்ர வயித்துச் சுவரைத் தடிக்கப் பண்ணுற கிரிப்டோ எண்டொரு ஒட்டுண்ணி இருக்கு, மற்றப் பாம்புக்கும் தொத்தும்.

மூண்டு பிங்கியும் ஒரு ஹொப்பரும் நிறையில சமன், சத்தில சமன் இல்லை. பிங்கிக்கு எலும்பு இன்னும் வடிவா உறையேல்லை, அதால கல்சியம் குறைவு. ஆகச் சின்னக் குட்டிக்கு வேற வழியில்லாமத்தான் அதைக் குடுக்கிறது. உங்கடது ஹொப்பர் விழுங்கிற வயசு, கீழ இறங்கத் தேவையில்லை. முழு எலியா, தோல், எலும்பு, ஈரல், குடல் எல்லாத்தோடயும் திண்டா வேற விட்டமின் பவுடர் ஒண்டும் வேண்டாம். கோழி இறைச்சித் துண்டு வெட்டிக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம், அதில எலும்பும் இல்லை உள்ளுறுப்பும் இல்லை, அது பாம்புக்குச் சாப்பாடே இல்லை.

பட்டினி போடாதேங்கோ. வளர்ற குட்டியை மெலிய வைக்கிறது எங்கட நோக்கமில்லை. ஒரு ஹொப்பர், 7 நாள். மிச்சத்தை அது வளர்ந்து சரிக்கட்டும், அடுத்த ரெண்டு மூண்டு கிழமை நிறை ஏறாம நிண்டாலும் யோசிக்க வேண்டாம். கொழுத்த பாம்பின்ர ஈரலில கொழுப்புப் படியிறது வெளியில தெரியாது, தெரியேக்க நேரம் போயிருக்கும். பொம்பிளைப் பாம்பெண்டா பின்னுக்கு முட்டை சிக்கிறதுக்கும் அது ஒரு காரணம். மகன்ர கொப்பியில சாப்பாடு ஒழுங்கா ஓடியும் நிறை 10 வீதம் இறங்கினதாத் தெரிஞ்சா, வாயில நுரை, சளி கண்டா, வாயைத் திறந்து மூச்சு விட்டா, அப்ப ஊர்வன தெரிஞ்ச டொக்டரிட்டக் கொண்டு போங்கோ. நாய் பூனை மட்டும் பாக்கிற இடங்களில கனபேருக்கு இது பழக்கமில்லை, போன் பண்ணிக் கேட்டுப் போட்டுப் போங்கோ.

கோவை_மீட்பு:

பால் விஷயம் மட்டும் நான் சொல்லிடறேன், ஏன்னா நான் வீடுகளுக்குள்ள வர்ற பாம்பை புடிச்சு காட்டுல விடற வேலைல இருக்கேன், போற வீட்லெல்லாம் இதைத்தான் கேக்கறாங்க. பாம்புக்கு பால் உணவே இல்லைங்க, அதுக்கு செரிக்காது. வித்தை காட்டறவங்க பல நாள் தண்ணி காட்டாம வச்சிருந்து முன்னாடி பாலை வைப்பாங்க, தாகத்துல எது இருந்தாலும் குடிக்கும், அதுக்கப்புறம் அந்தப் பாம்பு படற பாடு பாக்க முடியாது. புத்துக்கு பால் ஊத்தற நம்பிக்கை பெரியவங்களோடது, அதுல நான் தலையிடல, வீட்ல இருக்கற பாம்புக்கு மட்டும் வேண்டாம்னு உங்க மாமியார்கிட்ட பதமா சொல்லுங்க. முட்டையும் தேவையில்ல. காட்டுல எப்பவாவது பறவை முட்டை தின்னலாம், அதை மட்டும் வச்சு வளக்க முடியாது. தெனமும் மாத்தின நல்ல தண்ணி, அதுவே உடம்பு முங்கற அளவு தட்டுல, அது போதும்.

தமிழ்நாட்டுல இருந்து இதை படிக்கற தம்பிங்களுக்கு ஒண்ணு. கனடாவுல வளக்கறாங்களேன்னு வயல்ல இருந்து சாரைக் குட்டியோ கொம்பேறிமூக்கனோ புடிச்சுட்டு வந்து டப்பாவுல போட்டு தவளை குடுத்து வளக்காதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம், அதுபோக காட்டுல புடிச்ச குட்டி பெரும்பாலும் சாப்பிடாமலே செத்துப்போகும். விஷமில்லாததுன்னு நெனச்சு கட்டுவிரியன் குட்டிய கையில எடுத்துட்டு வர்றவங்களும் இருக்காங்க.

ராகுல்_ஹூஸ்டன்:

நல்ல த்ரெட். ஒரு டவுட், உயிரோட எலி விட்டா பாம்பு அடிச்சு பிடிக்கும், அதுதானே அதுக்கு உடற்பயிற்சி, வெயிட் தானா கட்டுக்குள்ள இருக்காதா? அப்புறம் தனி டப்பாவுல வச்சு ஃபீட் பண்ணா கூண்டுக்குள்ள கை விடும்போது கடிக்காதுன்னு சொல்றாங்களே?

செதில்_லண்டன்:

தம்பி, ஒரு எலியை அடிச்சுச் சுத்துறது சில நிமிஷ வேலை, அதில நிறை குறையாது. ஆனா எலி திருப்பிக் கடிச்சா பாம்பின்ர கண்ணும் போகும், முதுகுத் தோலும் போகும், பாம்புக்குப் பசியில்லாத நேரம் எலியை உள்ளுக்க விட்டிட்டுப் போனா எலி பாம்பைக் கடிச்சுத் தின்னவும் செய்யும். எலிக்கும் அது கொடுமை. உடற்பயிற்சிக்கு பெரிய கூண்டும் ஏறித் திரிய கொப்பும் போடுங்கோ, இது நல்லா மரமேறுற பாம்பு.

தனி டப்பா கதையில எனக்கு உடன்பாடில்லை. திண்ட பாம்பைத் தூக்கி திரும்ப கூண்டுக்குள்ள வைக்கிறதே கக்கிறதுக்கு ஒரு காரணம், அந்த நேரம்தான் கடியும் விழும். கூண்டுக்குள்ளயே நீளமான இடுக்கியால குடுங்கோ. கூண்டில பரப்பின மரச்சீவல் வாயில ஒட்டும் எண்டா ஒரு தட்டையான ஓட்டில வையுங்கோ. மற்ற நேரம் தூக்க முதல் ஒரு தடியால உடம்பில மெல்லத் தொட்டுப் போட்டுத் தூக்கினா இது சாப்பாட்டு நேரமில்லை எண்டு பழகிக்கொள்ளும்.

கவின்அம்மா_ஸ்காபரோ:

எல்லாருக்கும் நன்றி. சிநேகிதன்ர வீட்டுக்கு நானே எடுத்துச் சொன்னன், அவை இனி ரெண்டு கிழமை பொறுக்கினமாம். மாமிக்கும் சொல்லியாச்சு, பால் இல்லை எண்டதில அவவுக்குக் கவலை, ஆனா எலிக்கெண்டு தனியா ஒரு சின்ன ஃப்ரீஸர் வாங்குறம் எண்டதும் சம்மதிச்சிட்டா, அவ மரக்கறி ஆள்.

நேற்று ஒரு ஹொப்பர் குடுக்கிற நாள், ஆனா கண் நீலம் பாஞ்சு கிடக்கு, உடம்பும் மங்கிப்போய் இருக்கு, எலியை மணந்து பாத்திட்டு ஒதுங்கிட்டுது. தோல் கழட்டப் போகுது போல. அந்த எலியைத் திரும்ப ஃப்ரீஸருக்குள்ள வைக்கலாமோ? அடுத்த முறை ரெண்டாக் குடுக்கவேணுமோ?

செதில்_லண்டன்:

உருகின எலியைத் திரும்ப உறைய வைக்காதேங்கோ அக்கா, எறியுங்கோ. கண் நீலமா இருக்கேக்க அநேகம் பாம்பு திண்ணாது, பார்வையும் மங்கல், அதைக் கரைச்சல் படுத்தாதேங்கோ. ஈரமான பாசி போட்ட ஒரு சின்னப் பெட்டி ஓட்டையோட உள்ளுக்க வைச்சா தோல் முழுசாக் கழரும், வால் நுனியும் கண் மூடியிருந்த தோலும் சேந்து வந்திருக்கோ எண்டு பாருங்கோ. கழட்டின அடுத்த நாள் நிறுத்து கொப்பியில போட்டிட்டு ஒரு ஹொப்பர் குடுக்கலாம், விட்டதுக்குச் சேத்து ரெண்டு குடுக்க வேண்டாம்.